ரெத்தூர் தாஜ்

நெல்லித்தோப்பில் ஃபேன் ரிப்பேர் என்றால் என் கடைக்குத்தான் வருவார்கள். கீச்சென்று கத்துகிற ஃபேன், ஒரு பக்கமாக ஆடுகிற ஃபேன், குச்சியால் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிற ஃபேன் என்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் வீட்டிலேயே ஃபேன் சரியில்லை என்று புகார் வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், பிள்ளைகளே.

"ஏங்க, இந்த ஃபேன் சுத்துதா இல்லையா?"

"சுத்துதே."

"சுத்துறது எனக்கும் தெரியுது. காத்து எங்க?"

கண்டென்சரை மாற்றினேன். இறக்கையைக் கழற்றித் துடைத்தேன். பேரிங்கும் மாற்றினேன். கடைசியில் கடையில் விற்பனைக்கு வைத்திருந்த புது ஃபேனையே கொண்டுவந்து மாட்டினேன். அது சுற்றிய வேகத்தில் காலண்டர் ஆணியோடு பறந்தது. உங்கள் அம்மா அதன் கீழே நின்று முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. குளிருது."

நான் ரெகுலேட்டரிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது சின்னவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "அத்தா, ஃபேன் ரெகுலேட்டர் நல்லாத்தான் இருக்கு. அம்மாவுக்குள்ள ஒரு ரெகுலேட்டர் இருக்கு பாருங்க, அதான் போச்சு."

அன்றைக்கு அவன் முதுகில் ஒரு அடி விழுந்தது. அவன் சொன்னது கிட்டத்தட்ட சரி என்பது பிறகுதான் தெரிந்தது. அதனால் அந்த அடியை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

அந்த வருடம் ரம்ஜானிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பெண்களுக்கு மாதவிலக்கு நாட்களில் நோன்பு கிடையாது. விட்டதைப் பிறகு வைத்துக் கழிக்க வேண்டும். உங்கள் அம்மா ஒவ்வொரு வருடமும் பெருநாள் முடிந்ததும் அந்தக் கணக்கைத் தீர்ப்பாள். அந்த வருடம் மட்டும் விட்ட நோன்பே இல்லை. பெருநாளன்று சின்னவன் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னான்: "எங்க அம்மா இந்த வருஷம் முழு நோன்பும் வச்சுட்டாங்க! ஒண்ணுகூட விடல!" வந்த பெண்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். பெரியவள் தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். நானோ, "மாஷா அல்லாஹ், சொல்லட்டுமே, விடு" என்றேன். வீட்டில் ஒன்றும் புரியாத ஆம்பிளைகள் இரண்டு பேர் இருந்தோம் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

உங்கள் அம்மாவின் வேலை பற்றி நீங்கள் நாளைக்கு உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அதனால் அதையும் எழுதி வைக்கிறேன். அவள் பெண்களுக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். போர்டு கிடையாது, விளம்பரம் கிடையாது. விடியற்காலையில் குருசுக்குப்பத்துக் கடலோர ரோட்டில், புர்காவின் மேல் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பாள். முன்னால் ஹேண்டிலைப் பிடித்திருக்கிற பெண் இரண்டடிக்கு ஒரு தரம் பிரேக்கைப் பிடிப்பாள். "பிரேக்கைப் பிடிக்காத, பிரேக்கை நெனச்சுக்க, போதும்" என்பாள் இவள். பேங்கில் வேலை செய்கிற பெண், பால் ஊற்றுகிற பெண், கல்யாணம் நிச்சயமான பெண், பேரன் எடுத்தவர் என்று நம் தெருவில் வண்டி ஓட்டுகிற பெண்களில் பாதிப் பேர் அவளிடம் பழகியவர்கள். ரோட்டில் அவளைக் கண்டால் ஹாரன் அடித்து சலாம் வைப்பார்கள்.

பெருநாள் முடிந்து சில வாரம் கழித்து ஒரு காலை, அவள் சீக்கிரமே திரும்பி வந்தாள். ஸ்கூட்டியை ஓட்டி வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தாள். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. அன்றைக்குப் பாடம் படிக்க வந்தது குருசுக்குப்பத்தில் மீன் விற்கிற ஒரு பெண். அந்தப் பெண் முன்னால் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தபோது இவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்திருக்கிறது. உடம்பெல்லாம் நெருப்பு வைத்த மாதிரி வேர்வை. திருப்பத்தில் "வலது" என்று சொல்ல வேண்டியதை "இடது" என்று சொல்லிவிட்டாள். வண்டி நேராகப் போய், காயப்போட்டிருந்த வலையில் ஏறி நின்றுவிட்டது. யாருக்கும் அடி இல்லை. வலைக்காரர்தான் அரைமணி நேரம் வசைபாடினாராம்.

உங்கள் அம்மா சாவியை ஆணியில் மாட்டினாள்.

"இனிமே நான் வண்டியைத் தொட மாட்டேன். வித்துடுங்க."

"ஒரு வாட்டி இடது வலது மாறினா வண்டியை விப்பாங்களா?"

"ஒரு வாட்டியா? பருப்புல உப்பு ரெண்டு வாட்டி போடுறேன். அடுத்த வீட்டுப் பொண்ணு பேரு வாயில வரமாட்டேங்குது. முன்னால ஒரு உசுரை வச்சுக்கிட்டு, எனக்குத் தலை சரியில்லாம ரோட்டுக்குப் போகச் சொல்றீங்களா?"

"தலைக்கு என்ன? நல்லாத்தான இருக்கு?"

அவ்வளவுதான் கேட்டேன். அவள் அழுதுவிட்டாள். ஸ்கூட்டி வாங்கின நாளில்கூட அழாதவள். நான் மறுபடி ஃபேனைப் போட்டேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதானே.

மறுநாள் கடையில் வண்டி விற்பனைக்கு என்று வாய்விட்டுச் சொன்னேன். அடுத்த தெருவில் இருக்கும் ஒரு தம்பி, "பாய், நான் பார்க்கிறேன். இன்னும் மூணு வாரத்துல பணம் வந்துடும், அந்த ஞாயித்துக்கிழமை காலையில வர்றேன்" என்றான். சரி என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, வாசலில் நிற்கிற அந்தச் சிவப்பு ஸ்கூட்டியைப் பார்க்கப் பார்க்க, ஏதோ உங்கள் அம்மாவில் ஒரு பாதியை விலை பேசிவிட்ட மாதிரி இருந்தது.

இந்த இடத்தில்தான் மாடி வீட்டு மதாம் வருகிறார். நாம் குடியிருக்கும் வீடு அவருடையது. அவருடைய வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா. அவர் போய்விட்டார், பிரெஞ்சு மட்டும் மதாமோடு தங்கிவிட்டது. மாடியில் ஒரு ஃபேனைச் சரிபார்க்கப் போனேன். ஸ்டூல் மேல் நின்றிருந்த என்னைப் பார்த்து அவர் கேட்டார்.

"முசியே பாய், கீழ மதாமுக்கு உடம்புக்கு என்ன? குரல் மேல வரைக்கும் கேக்குது."

"தெரியல மதாம். வேர்க்குதுன்றா, குளிருதுன்றா. அழுவுறா. வண்டியை வித்துடுன்றா."

மதாம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "மோன் தியே! ரெத்தூர் தாஜ், முசியே. ரெத்தூர் தாஜ்! பயப்படாதீங்க. எல்லாப் பொம்பளைக்கும் அந்த வயசுல வர்றதுதான்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும். எனக்கும் வந்துச்சு."

"உங்களுக்கும் வந்துச்சா? அப்புறம்?"

"அப்புறம் என்ன, நாலஞ்சு வருஷம் படுத்துச்சு. தானா போயிடுச்சு. எங்க முசியே அப்ப என்னைக் கவனிக்கல. நீங்க அப்படி இருக்காதீங்க. பொம்பளை வாயைத் திறந்து கேக்க மாட்டா. நீங்கதான் புரிஞ்சு செய்யணும்."

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கும் நாலு பிரெஞ்சு வார்த்தை தெரியும். இந்த ஊரில் ஃபேன் மாட்டப் போகிற வீடுகளில் காதில் விழுவதுதான். 'ரெத்தூர்' என்றால் திரும்பி வருவது. சொல்தா வீடுகளில் பாரீசுக்குப் போகும்போது "ரெத்தூர் டிக்கெட் போட்டாச்சா?" என்று கேட்பார்கள். தாஜ் என்றால் தாஜ். அதற்கு எதற்கு பிரெஞ்சு?

நிக்காஹ் முடிந்த புதிதில் நான் உங்கள் அம்மாவுக்கு உள்ளே பல்பு எரிகிற ஒரு சின்ன தாஜ்மஹால் வாங்கிக் கொடுத்தேன். ஷோகேஸில் இப்போதும் இருக்கிறது. பல்பை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கிறேன். "அடுத்த வருஷம் நிஜத்தைக் காட்டுறேன்" என்று அப்போது சொன்னேன். அந்த அடுத்த வருடம் வரவே இல்லை. பெரியவள் வந்தாள், சின்னவன் வந்தான், கடை வந்தது. இத்தனை வருடம் மனசுக்குள் வைத்துப் புழுங்கி, வாயைத் திறந்து கேட்க முடியாமல், உங்கள் அம்மா இப்படி வேர்த்துக் கொட்டுகிறாள் என்று முடிவு செய்தேன். எல்லாப் பெண்களுக்கும் அந்த வயதில் தாஜ்மஹால் போய்வரும் ஆசை வரும் என்பது எனக்குப் புதுச் செய்திதான். ஆனால் மதாமே தனக்கும் வந்தது என்று சொல்லும்போது எப்படிச் சந்தேகப்படுவது?

நேராக டிராவல்ஸ் கடைக்குப் போனேன்.

"ஆக்ராவுக்கு ரெண்டு டிக்கெட். போக, வர."

"மே மாசத்துலயா பாய்? அங்க வெயில் கொளுத்துமே. டிசம்பர்ல போங்களேன்."

"டிசம்பர் வரைக்கும் தாங்காது தம்பி. வீட்டுல நெலமை மோசம்."

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு டிக்கெட் போட்டுக் கொடுத்தான்.

அன்று மதியம் சாப்பாட்டுக்கு வந்தபோது நீங்கள் இரண்டு பேரும் இருந்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? டிக்கெட்டை எடுத்து உங்கள் அம்மா தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"உன் மனசுல இருக்குறது எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே அழாத."

அவள் டிக்கெட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நெற்றியில் வேர்வை அரும்ப ஆரம்பித்திருந்தது.

"ஆக்ராவா?"

"ஆமா."

"மே மாசத்துலயா?"

"ஆமா."

"இங்க ஃபேனுக்கு அடியில நின்னே வெந்துக்கிட்டு இருக்கேன். இன்னும் வேகலைன்னு ஆக்ராவுல கொண்டுபோய் தம் போடப் போறீங்களா?"

"நீதான ஆசைப்பட்ட?"

"நான் எப்ப ஆசைப்பட்டேன்?"

"மதாம் சொன்னாங்க. உனக்கு ரெத்தூர் தாஜ்னு."

பெரியவள் கல்லூரியில் பிரெஞ்சு படிக்கிறவள். குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் அவளுக்கு மூக்கில் ஏறிவிட்டது. இருமிக்கொண்டே மாடிக்கு ஓடி மதாமைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மதாம் டிக்கெட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்க முடியாமல் சிரித்தார்.

"முசியே! தாஜ்மஹால் இல்ல. தாஜ்னா வயசு. வயசு திரும்புறது! பொம்பளைக்கு மாசாமாசம் வர்றது நிக்கப் போற காலம் இருக்கே, அதுக்கு பிரெஞ்சுல அப்படித்தான் சொல்லுவோம். வேர்க்கும், குளிரும், தூக்கம் வராது, வச்ச பொருளை மறந்துடும், சும்மா சும்மா அழுகை வரும். இதெல்லாம் அதோட வேலை."

உங்கள் அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். பல வாரமாகக் கேட்காத சிரிப்பு. டிக்கெட்டாலேயே விசிறிக்கொண்டு, கண்ணீர் வரும் வரை சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தி மதாமின் கையைப் பிடித்தாள்.

"மறதியும் அதுலதானா மதாம்?"

"அதுலதான்."

"அப்ப எனக்குப் பைத்தியம் புடிக்கலையா?"

இத்தனை நாள் இவள் எதைச் சுமந்துகொண்டு இருந்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தனக்கு மூளை கலங்கிக்கொண்டு வருகிறது என்று தானே முடிவு கட்டிவிட்டு, யாரையும் மோதிவிடக் கூடாதே என்றுதான் சாவியை ஆணியில் மாட்டியிருக்கிறாள். நாம் எல்லோரும் சேர்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சே, என்ன பேச்சு இது" என்றார் மதாம். "ஆனா ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு தடவை காட்டிடு. நெஞ்சு படபடப்பை மட்டும் நாமளா முடிவு பண்ணக் கூடாது."

பெரியாஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா என்னையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். பெரியவளே, உனக்கு இது என்றைக்காவது வரும். சின்னவனே, உன் வீட்டில் யாராவது ஒருநாள் ஃபேன் சுற்றுகிறதா என்று கேட்பார்கள். அன்றைக்கு நீ கண்டென்சரை மாற்றிக்கொண்டு நிற்காதே.

"ஈஸ்ட்ரோஜன்னு ஒரு ஹார்மோன். பொண்ணு வயசுக்கு வர்ற காலத்துல இருந்து சினைப்பை அதைச் சுரந்துக்கிட்டே இருக்கு. மாசாமாசம் விலக்கு வர்றது மட்டும் அதோட வேலை இல்ல. மூளை, தூக்கம், தோல், எலும்பு, எல்லாத்துக்கும் அது போய்ச் சேருது. நாப்பதுகள்ல சினைப்பை மெதுவா கடையை மூட ஆரம்பிக்கும். ஒரே நாள்ல ஷட்டரை இறக்காது" என்றார் டாக்டரம்மா.

"லோ வோல்டேஜ் மாதிரிங்களா மேடம்?" என்றேன்.

"அப்படித்தான் எல்லாரும் நெனைக்கிறாங்க. முதல்ல வர்றது லோ வோல்டேஜ் இல்ல. ஏறி இறங்குற வோல்டேஜ். ஒரு நாள் தேவைக்கு மேல, ஒரு நாள் ரொம்பக் கம்மி. அந்த ஆட்டம் சில வருஷம்கூட நடக்கும். அதுக்கப்புறம்தான் கீழ வந்து நிக்கும்."

அது எனக்கு நன்றாகவே புரிந்தது. ஏறி இறங்குகிற வோல்டேஜ் ஒரு மோட்டாரை என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும்.

"மூளைக்குள்ள உடம்புச் சூட்டைக் கவனிக்கிற ஒரு இடம் இருக்கு. ஈஸ்ட்ரோஜன் இப்படி ஆடினா அது குழம்பிடும். லேசான சூட்டையே பெரிய நெருப்புன்னு நெனச்சு வேர்வையைத் திறந்துவிடும். முகம் செவக்கும், நெஞ்சு அடிச்சுக்கும். கொஞ்ச நேரத்துல அடங்கிடும். வேர்வை காயும்போது குளிரும். ராத்திரியும் இதே கதைதான், தூக்கம் கெடும். தூக்கம் கெட்டவங்களுக்கு ஞாபகம் எங்க நிக்கும்? இது பைத்தியம் இல்லம்மா."

சின்னவன் சொன்ன ரெகுலேட்டர் நினைவுக்கு வந்தது. டாக்டரம்மாவிடம் சொன்னேன், அவரும் சிரித்தார்.

இருந்தாலும் அவர் சும்மா அனுப்பவில்லை. ஈசிஜி எடுக்கச் சொன்னார். ரத்தமும் சோதித்தார். தைராய்டும் ரத்தசோகையும் இதே வேஷம் போட்டுக்கொண்டு வருமாம். ஈசிஜி நன்றாக இருந்தது. தைராய்டும் சரி. ரத்தம் மட்டும் கொஞ்சம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். எலும்பு பலம் குறைகிற காலம் இது, பாலும் கேழ்வரகும் கீரையும் நடையும் வேண்டும் என்றார்.

"இதுக்கு ஸ்டெபிலைசர் மாதிரி ஒண்ணும் கிடையாதுங்களா?" என்றேன்.

"ஹார்மோன் மருந்து இருக்கு. சிலருக்கு நல்லாவே கேக்கும். ஆனா எல்லாருக்கும் குடுக்க மாட்டோம். ரத்தக்கட்டு, மார்புக் கட்டி ஏதாவது இருந்துச்சான்னு பார்த்துத்தான். இவங்களுக்கு வேணுமான்னு ரெண்டு மாசம் பார்த்துட்டுச் சொல்றேன். பன்னெண்டு மாசம் தொடர்ந்து வராம இருந்தாத்தான் நின்னுடுச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் உடனே வந்து காட்டணும். அதை மறக்காதீங்க."

எழுந்திருக்கும்போது உங்கள் அம்மா மெதுவாகக் கேட்டாள். "மேடம், நான் வண்டி ஓட்டலாமா?"

"தாராளமா. அனல் வர்ற மாதிரி இருந்தா ஓரமா நிறுத்திட்டுத் தண்ணி குடிங்க. அடங்கினதும் கிளம்புங்க."

டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆனால் சாவி ஆணியிலேயே தொங்கியது. பயம் என்பது மாத்திரைக்குக் கேட்காது. ஆக்ரா டிக்கெட் கேன்சல் ஆனது, வீட்டுக்கு வெளிர் நிறத்தில் பருத்தி புர்கா வந்தது, மதியத்துக்கு மேல் டீ நின்றது, பருப்புக்கு உப்பு போட்டதும் உப்பு ஜாடியைக் கவிழ்த்து வைக்கும் பழக்கம் வந்தது. தூக்கம்கூடக் கொஞ்சம் தேறியது. சாவியை மட்டும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அந்தத் தம்பியிடம் வர வேண்டாம் என்று சொல்லவும் இல்லை, வா என்று சொல்லவும் இல்லை. விற்பதும் வைத்திருப்பதும் அவள் இஷ்டம்.

அவன் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள், வாசலில் மீன் வாசனை வந்தது. பின்னாலேயே குருசுக்குப்பத்துப் பெண்ணும் வந்தாள், அன்னக்கூடையோடு.

"இன்னா டீச்சரக்கா, பாதியில உட்டுட்டு வந்து வூட்டுக்குள்ள குந்திக்கின?"

"எனக்கு உடம்பு சரியில்லம்மா. வேற யார்கிட்டயாவது கத்துக்க."

"வேற யாரு மீன்காரியை வண்டியில உக்கார வைப்பா? நேரா போகத் தெரியும், திரும்பத் தெரியாது. அதோட நிறுத்திட்ட. குருசுக்குப்பத்துல இருந்து நேராவே போய்க்கினு இருந்தா மெட்ராஸ்தான் வரும். அங்க போயா மீன் விப்பேன்?"

அதற்குள் உங்கள் அம்மாவுக்கு அனல் வந்துவிட்டது. பேப்பரை எடுத்து விசிற ஆரம்பித்தாள். அந்தப் பெண் உற்றுப் பார்த்தாள்.

"அடியாத்தாடி. இதானா? இதுக்கா பயந்த? எனக்கு நின்னே ரெண்டு வருஷம் ஆச்சுக்கா. அப்பல்லாம் நான் ஐஸ் பொட்டி மேலயே குந்திக்கினுதான் யாவாரம் பண்ணேன். மீனைவிட நான்தான் ஃப்ரெஷ்ஷா இருந்தேன்! எங்க ஊட்டுக்காரு வெலை கேட்டாரு."

உங்கள் அம்மா சிரித்த சிரிப்பில் பேப்பர் கீழே விழுந்தது. மாடியில் இருந்து மதாம் எட்டிப் பார்த்தார்.

"அன்னைக்கு வலையில ஏறினியே, பயமா இல்லையா உனக்கு?" என்று கேட்டாள் உங்கள் அம்மா.

"நீ இடதுன்ன. நான் வலதுன்னு நெனச்சேன். ரெண்டு பேரும் சேர்ந்து நடுவுல போனோம். அந்த வலைக்காரன் என் மச்சான்தான், அவனைக் கண்டு எவ பயப்படுவா? நாளைக்குக் காலையில வர்றியா இல்லையா, அதைச் சொல்லு."

உங்கள் அம்மா கீழே விழுந்த பேப்பரை எடுத்து மறுபடி விசிறிக்கொண்டாள். அந்தப் பெண் கூடையில் இருந்து நான்கு வஞ்சிரத் துண்டையும், ஒரு பாலிதீன் பையில் ஐஸையும் எடுத்து வைத்தாள். "மீனு குழம்புக்கு. ஐஸ் உனக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஞாயிறு காலை நான் எழுந்தபோது ஆணி காலியாக இருந்தது. ஃப்ரீசரில் இருந்த ஐஸ் பையும் இல்லை. பெரியவள் மட்டும் பாய் மேல் உட்கார்ந்து தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். நான் எதையும் கேட்கும் முன்பே, "ஓரமா நிறுத்தச் சொல்லியிருக்கேன் அத்தா" என்றாள்.

சொன்ன சொல் தவறாமல் அந்தத் தம்பி வந்தான். வாசலில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்த இடத்தைப் பார்த்தான்.

"பாய், வண்டி எங்க?"

"கடற்கரை வரைக்கும் போயிருக்கு."

"எப்ப வரும்?"

"தெரியல தம்பி. இன்னைக்குத் திரும்புறதுக்குப் பாடம். வலது பக்கம், இடது பக்கம், ரெண்டும் கத்துக் குடுத்துட்டுத்தான் வருவா."

"அப்ப விக்கிறீங்களா இல்லையா?"

"விக்கல. உள்ள வா, டீ குடிச்சிட்டுப் போ" என்றேன். அவன் உள்ளே வந்து உட்கார்ந்து, நிமிர்ந்து பார்த்தான்.

"ஃபேன் புதுசா பாய்? காத்து பிச்சுக்குது."